தலையணைப் பயிற்சி

டாக்டர், உங்கள் தையலில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை என் மச்சினனின் கைக்கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணியும் ஏன் ஆற மாட்டேங்குது? எங்கயோ நான்தான் தப்பு பண்ணியிருக்கேன் போல" என்று முணுமுணுத்தீர்கள். வெளியே வந்தால், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உங்கள் கைராசியைப் பற்றி மட்டமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கைத்தொழில் தெரிந்தவர்மேல் வீண்பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். பணிமனைக்கென்று ஒரு பேண்டு உண்டு. அதில் பதினாறு வருடமாக நான் இரண்டாவது ஸ்நேர் டிரம், கழுத்தில் மாட்டி இரண்டு குச்சியால் அடிப்பது. முதல் டிரம்காரர் ரோலை, அதாவது இடைவெளி தெரியாத தொடர் அடியை, உருட்டினால்தான் மொத்த அணியும் காலை எடுத்து வைக்கும்; அவர் நிறுத்தினால் நிற்கும். இரண்டாவது டிரம்காரர் அவர் வாசிப்பதையே கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போது முதல் டிரம்காரர் ஓய்வு பெறச் சில மாதம்தான் இருந்தது. அடுத்தது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

மச்சினன் என் மனைவியின் ஒரே தம்பி. அதே பணிமனையில் டைனமோவுக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவன். அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை, எங்கள் தெருவிலேயே ஓர் அறையில் இருக்கிறான். முப்பத்தாறு வயதில் அவனுக்கு ஆசை வந்தது. "மாமா, எனக்கும் கத்துக்குடுங்களேன். சாயந்தரம் சும்மாதானே கெடக்கேன்" என்றான். என் மனைவிக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் சரி என்றேன்.

முதல் மூன்று மாதம் நான் சொல்லிக்கொடுத்ததில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குச்சியைப் பிடிக்க வேண்டும், மற்ற மூன்றும் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். குச்சியை விழவிடு, டிரம்மின் தோல் அதைத் திருப்பி அனுப்பும், தோல் இலவசமாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லாதே. முதலில் வலது, இடது என்று ஒவ்வொன்றாக. பிறகு வலது வலது, இடது இடது. பிறகு வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. மரப்பலகையில் ஒட்டிய ரப்பர்மேல் மணிக்கணக்காக இதுதான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எனக்கு அம்மி நகர ஆறு வருடம் ஆயிற்று. அவன், மெல்லிய கம்பியை அறுந்துவிடாமல் இழுத்துப் பிடித்தே பழகிய விரல்காரன். பத்தாவது வாரமே குச்சி அவன் கையில் தானாகத் துள்ளியது.

ஒருநாள் அவனை ஒத்திகைக்குக் கூட்டிப்போய் வாசிக்கவைத்தேன். பேண்டு மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "யோவ் கிடங்கு, உன் மச்சினன் ரோல கேட்டியா? துணி கிழியுற மாதிரி ஒரே இழுப்பா வருது. உன்னுது பதினாறு வருஷமா ஒவ்வொரு அடியா எண்ணிடலாம்யா!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் டிரம்முக்குத் தேர்வு வைத்தே ஆளை எடுக்கப்போவதாகவும் அன்றுதான் அறிவித்தார்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று நான் நினைத்ததாக நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைக்கிற ஆள் நான் இல்லை. இவனுக்கு எல்லாம் சுலபமாக வந்துவிட்டதே, கஷ்டப்படாமல் வந்தது கையில் தங்குமா என்றுதான் கவலைப்பட்டேன். பொறாமை பிடித்தவனாக இருந்தால் கற்றுக்கொடுப்பதையே நிறுத்தியிருப்பேன். நான் நேரத்தை இரட்டிப்பாக்கினேன்.

மறுநாள் ரப்பர் பலகையை எடுத்து வைத்துவிட்டு, மடியில் ஒரு பஞ்சுத் தலையணையைக் கொடுத்தேன். தலையணை குச்சியைத் திருப்பி அனுப்பாது. ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். அளவாகச் செய்தால் கைக்கு நல்லது என்று எல்லா டிரம்காரர்களும் செய்வதுதான், பத்து நிமிடம். நான் இரண்டு மணி நேரம் என்றேன். கடைசல் பட்டறைக்காரரிடம் சொல்லி இரும்பில் ஒரு ஜோடிக் குச்சி செய்து வாங்கினேன். ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். "அப்போ மொதல்ல லூசா புடிக்கச் சொன்னீங்களே மாமா?" என்று கேட்டான். "அது கத்துக்குட்டிக்கு" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், தான் தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்தாவது வாரம் கட்டைவிரலுக்குக் கீழே வீங்கியது. "மாமா, சட்டை பட்டன் போட முடியல" என்றான்.

"அப்ப சரியாத்தான் போயிட்டிருக்கு. வலிச்சாத்தான் வளரும்" என்றேன்.

இந்த வாசகம் பேண்டில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. சிம்பல் தட்டு அடிப்பவர் தன் பல்வலிக்கே இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் என் பயிற்சியை வழக்கம்போல ரப்பர் பலகையில்தான் செய்தேன். தலையணை எனக்கு ஒத்துவராது.

தேர்வு நாளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு அவன் சொல்லியிருப்பான். நாலாவது வரியில் வலது கைக் குச்சி பறந்துபோய் பேண்டு மாஸ்டரின் காலடியில் விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அவனால் வாங்கக்கூட முடியவில்லை, விரல்கள் மூடவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நடிப்பு என்று நினைக்காதீர்கள், உண்மையாகவே வந்தது. முதல் டிரம்மை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டது அடுத்த வாரம்.

அதோடு முடிந்திருக்கும். கிழிந்த தசைநாரை நீங்கள் அவ்வளவு நேர்த்தியாகத் தைத்திராவிட்டால் முடிந்தேயிருக்கும். தையல் பிரித்த அன்று, "ஆறு மாசத்துல பழையபடி வாசிக்கலாம்" என்று அவனிடம் சொன்னீர்கள். அவன் குழந்தை மாதிரி சிரித்தான். அதைப் பேண்டு மாஸ்டரிடம் போய்ச் சொன்னான். அவரும், "கை சரியாகட்டும், இன்னொரு தடவை வெச்சுப் பாத்துருவோம்" என்றாராம்.

மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் அந்தப் பட்டையை எட்டு வாரம் கழற்றக் கூடாது, எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, விரலை மட்டும் மெதுவாக மடக்கி நீட்டலாம் என்றீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எல்லாம் நினைவிருக்கிறது. தினமும் சாயந்தரம் அவன் அறைக்குப் போய்ப் பட்டையைக் கழற்றுவேன். வாளியில் நனைத்த கனமான துண்டை முறுக்கிப் பிழியச் சொல்வேன். சொட்டு நிற்கும் வரை பிழிய வேண்டும். பிறகு மறுபடி நனைப்போம். முடிந்ததும் பட்டையை முன்பு இருந்தபடியே மாட்டிவிடுவேன். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படித்தான்.

அவன் ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவனிடம், "டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தப் பயிற்சியைச் சொன்னார், ஆஸ்பத்திரி விதிப்படி எழுதித்தர முடியாதாம், அவர் முன்னால் இதைப் பேசினால் அவருக்குச் சிக்கல்" என்று சொல்லி வைத்தேன். உங்கள் பெயரை உங்களைக் கேட்காமல் பயன்படுத்தியது தவறு. உங்களுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறான். நல்ல பையன், டாக்டர். இந்தக் காலத்தில் அப்படி ஒரு விசுவாசம் கிடைக்காது.

காயில் சுற்றும் வேலைக்கு இந்த மாதக் கடைசிக்குள் திரும்பாவிட்டால் அவனை நிரந்தரமாகப் பணிமனை வாசலில் உட்காரவைத்துவிடுவார்கள். இப்போதே அங்கேதான் இருக்கிறான்; போகிற வருகிற பஸ்களின் எண்ணை இடது கையால் கோணல் மாணலாக எழுதுகிறான். நான் டிரம்மோடு அணிவகுத்து வாசலைக் கடக்கும்போது எழுந்து நிற்கிறான். என் மனைவி அன்று சொன்னாள்: "எங்கப்பா இருந்திருந்தாக்கூட அவன இப்படிப் பாத்துக்கிட்டிருக்க மாட்டாருங்க."

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். மூன்றாவது ஆபரேஷன் செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். கை போனதையே தாங்கிக்கொண்டான். என்மேல் வைத்த நம்பிக்கை போனால் தாங்க மாட்டான். அவனுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது நான் ஒருவன்தான். மணி ஐந்தரை ஆகிறது, துண்டை நனைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பான். வலியோடு இருக்கிறவனைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது.