மர-மர

போடிமெட்டிலிருந்து ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண், பக்கத்திலிருந்தவனிடம் செல்போனை நீட்டினாள்.

"நம்ம கல்யாணப் பத்திரிகை லிங்குல மர-மரன்னு இருக்கு. யாரு மச்சான் அது?"

"நாமதான். மாரியும் மர, மீராவும் மர."

"காலு, சுழியெல்லாம் எங்க போச்சு?"

"லிங்குல கேள்விக்குறி, கமா எதுவும் வந்துரக் கூடாதுன்னு கம்ப்யூட்டருக்கு ரெகெக்ஸ்ல ஒரு விதி எழுதினேன். அ-வுலருந்து ஹ வரைக்கும் எழுத்த விட்டுட்டு, மிச்சத்தத் தூக்கிருன்னு. அது காலையும் சுழியையும் குறின்னு நெனச்சுத் தூக்கிருச்சு."

"யாருக்கெல்லாம் அனுப்புனீக?"

"சொந்தக்காரங்க அம்புட்டுப் பேருக்கும். எங்க அம்மாவுக்குத்தான் இன்னும் அனுப்பல."

அந்த இடத்தில் ரோடு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர்கள் சிரித்த சிரிப்பில் பெஞ்சே குலுங்கியது.

"வெரசா மாத்திர்றேன் மீரா."

"மாத்தாதீக மச்சான். ஜாதகத்துல பொருத்தமே இல்லன்னு அத்தை இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காகல்ல?"

"அதுக்கு?"

"இத அப்படியே அனுப்புங்க. ஒரு எழுத்து விடாமப் பொருந்துதுன்னு சொல்லுங்க."