சிங்கிள் ஓனர் வண்டிகள்

எனக்கு வாய்த்த கார்கள் நான்கும் நல்ல கார்கள். இப்படிச் சொல்லிக்கொள்ள எல்லோராலும் முடியாது. கார் வைத்திருக்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு புலம்பல் இருக்கும். ஒன்று மழைக்குக் கிளம்பாது, ஒன்று பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும், இன்னொன்றைத் தலையில் கட்டிய மைத்துனரோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இருக்காது. எனக்கு அப்படி ஒரு குறையும் கிடையாது. பச்சை வண்டி என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அதை மட்டும் பிய்த்துச் சொன்னால் தப்பாகத் தெரியும். முதல் வண்டியிலிருந்தே வருகிறேன். உங்கள் ஏட்டு நிதானமாக எழுதட்டும். தாளை மூக்கோடு ஒட்டி வைத்து எழுதுகிறார், பாவம். ஒருநாள் கடைக்கு அனுப்பிவையுங்கள்.

கடை என்றால் கண்ணாடிக் கடை. முன்னறையில் என் மனைவி ஃபிரேம்களையும் வாடிக்கையாளர்களின் அட்டைகளையும் பார்த்துக்கொள்வாள். பின்னறையில் நான் கண்ணைச் சோதிப்பேன். அறுபது தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். அதில் முத்திரை குத்தும் அனுமதி இந்த வட்டாரத்தில் இருபத்தாறு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. இதுவரை என் முத்திரை மேல் ஒரு புகார் வந்ததில்லை.

முதல் வண்டி வெளிர் மஞ்சள். ஒரு தையல்காரருடையது. அவருக்கு நிஜமாகவே பார்வை போய்விட்டிருந்தது. எழுத்து அட்டையில் மூன்றாம் வரிக்குக் கீழே அவருக்கு எல்லாம் எறும்பு ஊர்வதாகத்தான் தெரிந்தது. முத்திரை குத்த முடியாது என்றதும் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார். "இனிமே வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது தம்பி" என்றார். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவ்வளவுதான். அதில் ஒரு தவறும் இல்லை. அந்த வண்டியின் கதவைச் சாத்தினால் நல்ல நகைப்பெட்டியை மூடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சில நாள் எங்கும் போக வேண்டியிருக்காது. சும்மா போய்க் கதவைத் திறந்து மூடிவிட்டு வருவேன்.

அந்த வண்டியில்தான் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அறுபது தாண்டியவர்கள் காரைப் பிள்ளையைப் போல வளர்க்கிறார்கள். முதல் நாளிலிருந்து ஒரே கை. மூன்றாவது கியரைத் தாண்ட மாட்டார்கள். வாரம் தவறாமல் கழுவுவார்கள். மெக்கானிக் கொடுத்த துண்டுச்சீட்டைக்கூட பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரே ஒரு சங்கடம், ஓட்ட முடிகிற வரைக்கும் விற்க மாட்டார்கள். நிஜமாகவே கண் மங்கும் வரை காத்திருந்தால் நாலு இடத்தில் இடித்து வண்டியைக் கெடுத்துவிடுவார்கள். ஒரு நல்ல வண்டி அப்படிக் கெட்டுப்போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது கருஞ்சிவப்பு. தபால் அதிகாரியிடம் இருந்தது. நீளமான வண்டி, திரும்பும்போது பெரிய மனுஷத்தனமாக நிதானித்துத் திரும்பும். அவர் கடைசிக்கு முந்தின வரியில் ஒரு எழுத்தை மாற்றிச் சொன்னார். மற்றவர்கள் என்றால் ஒரு எழுத்தை நான் கண்டுகொள்வதில்லை. அன்று கண்டுகொண்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகம் இப்போது நினைவில்லை, ஆனால் ஸ்டியரிங்கில் அவர் கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம் என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

மூன்றாவது சாம்பல் நிறம். கணக்கு வாத்தியாருடையது. அருமையான ரேடியோ. வாத்தியாரின் கண்ணில் குறை சொல்ல ஏதும் இல்லாததால், எழுத்து அட்டைக்குப் பின்னால் இருக்கும் விளக்கைக் கொஞ்சம் குறைத்தேன். என் மேசைக்கு அடியில் அதற்கு ஒரு திருகு உண்டு.

"வெளக்கு மங்கலா இருக்கே சார்" என்றார்.

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க" என்றேன். இதுவும் பொய் இல்லை.

அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று முறை அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார். அதன்பிறகு இருவரும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அந்த அம்மாவுக்குப் பஸ் சிரமம் அதிக நாள் இருக்கவில்லை. வாத்தியார் அப்புறம் ரேடியோவை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டு வந்தார். அந்த அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வருவாராம். அதைக் கழற்றினால் டாஷ்போர்டில் ஓட்டை விழும் என்று எடுத்துச் சொன்னேன். புரிந்துகொண்டார்.

இப்போது பச்சைக்கு வருகிறேன்.

ஊரே நர்ஸம்மா என்று கூப்பிடும் அந்த அம்மாவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிரசவம் பார்ப்பவர். அறுபத்தொரு வயதில் முதன்முதலாகச் சான்றிதழுக்கு என்னிடம் வந்தார். கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அடர்ந்த பச்சை, வெயிலில் கறுப்பாகவும் நிழலில் பச்சையாகவும் தெரியும். பதினெட்டு வருடம் ஓடிய வண்டி என்று யாரும் நம்ப மாட்டார்கள். கிளட்ச் பூப்போல இறங்கும். பின்சீட்டில் மூன்று குழந்தைகள் பிறந்திருக்கின்றன, ஒரு பொட்டுக் கறை கிடையாது.

அவர் கண்தான் பிரச்சினை. அப்படி ஒரு கண்ணை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. எட்டு வரியையும் இரண்டு கண்ணாலும் கடகடவென்று வாசித்துவிட்டு, அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் வாசித்தார். விளக்கைக் குறைத்தேன். மறுபடி வாசித்தார். அவருடைய வாடிக்கையாளர் அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தேன். தொழில் என்று வந்துவிட்டால் நான் அட்டையில் பொய் எழுதுவதில்லை.

அதனால் பச்சை வண்டிக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. முதலில் சாதாரணக் கண்ணாடி என்று சொல்லி, தேவைப்படாத ஒரு பவரைக் கொடுத்தேன். எப்போதும் போட்டிருக்கச் சொன்னேன். தலைவலி என்று வந்தார். பவரைக் கூட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. கண் நரம்பு தளர்கிறது, இதற்கு மருந்தில்லை, கண்ணாடியைக் கழற்றினால் சீக்கிரம் போய்விடும் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒளிக்காம சொன்னீங்களே தம்பி, அதுவே போதும்" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

பிறகு பிரசவம் பார்ப்பதை அவராகவே விட்டுவிட்டார். "கொழந்தைய கையில வாங்கறப்ப மொகமே கலங்கலா தெரியுது தம்பி. ஏதாவது ஆயிட்டா பாவம் யாருக்கு" என்றார். அதற்கப்புறம் ஒரு வீட்டில் அவசரம் என்று ஆள் வந்தபோது முடியாது என்று ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாராம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாயிற்று. அதற்கும் காருக்கும் சம்பந்தம் இல்லை என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

சாவியைக் கொடுக்கும்போது, "உங்க கையில இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். நானும் நன்றி மறக்கிறவன் இல்லை. வாரம் ஒருமுறை அவரை அவருடைய வண்டியிலேயே கடைத்தெருவுக்கு அழைத்துப்போனேன்.

என் பார்வையைப் பற்றி ஏதேதோ பேசுகிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வருடம் பிறந்ததும் முதல் வேலையாக நான் என் கண்ணைச் சோதித்துக்கொள்வேன். மனைவி குச்சியோடு அட்டைக்குப் பக்கத்தில் நிற்பாள். எட்டு வரியிலும் ஒரு எழுத்து தப்பியதில்லை. சில சமயம் அவள் குச்சியை வைக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அவளுக்கு அதிலும் திருப்தி கிடையாது. "ஏங்க, வேற எடத்துல ஒருதடவ காட்டிக்கலாமே. நேத்து டம்ளருக்குப் பக்கத்துல தண்ணி ஊத்தினீங்க" என்பாள். டம்ளர் நகர்ந்திருக்கும். நேற்று உங்கள் டாக்டர் ஆஸ்பத்திரியில் காட்டிய அட்டை படுமட்டமான அச்சு. மூன்றாம் வரிக்குக் கீழே மையே ஏறவில்லை.

போன வாரம் நர்ஸம்மாவைக் கூட்டிப்போனபோது தலைவலி தாங்காமல் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "தம்பி, அங்க நாய் குறுக்க வருது பாருங்க" என்றார். சாலை காலியாக இருந்தது. "தம்பி, நாய்" என்றார் மறுபடி. அப்புறம்தான் பம்பரில் தட்டியது. நாய் நொண்டிக்கொண்டு போய்விட்டது. பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நர்ஸம்மா தலையை நிமிர்த்தினார். தெருக்கோடியில் ஒரு மருந்துக் கடையின் பலகை இருந்ததாம், அதை மெல்ல வாசித்தார். கடைப் பெயர், அதன் கீழே திறக்கும் நேரம், அதன் கீழே தொலைபேசி எண். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்கயே நிறுத்துங்க. நான் நடந்து போறேன்" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

மறுநாள் கடைக்குப் போன் செய்தார். என் மனைவிதான் எடுத்தாள். பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதாகவும், தன் பழைய அட்டை வேண்டும் என்றும், வண்டியைத் திருப்பிக் கேட்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். போனை வைத்துவிட்டு மனைவி அட்டையைத் தேடி எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏங்க, இவங்க கண்ணுல ஒண்ணுமே இல்லன்னு உங்க கையெழுத்துல இருக்கே."

"ஒனக்குப் புரியாது."

"வாத்தியார் அட்டையையும் எடுத்துப் பாத்தேங்க."

நான் பின்னறை விளக்கை அணைக்கப் போனேன். கடையைப் பூட்டும்போது, "அந்த அம்மா மொகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்" என்றாள்.

அன்று எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஜெயிலை நினைத்து அல்ல. அந்த வண்டி மறுபடி அந்த வீட்டு வாசலில் நிற்பதை நினைத்தேன். நான் அதைக் கடந்து நடந்துபோக வேண்டியிருக்கும். அதை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது.

முந்தாநாள் காலை மனைவி கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பத்தரை மணிக்கு நான் வண்டியை எடுத்தேன். பதினோரு மணிக்கு நர்ஸம்மா கண் ஆஸ்பத்திரி பஸ்ஸுக்காக வீட்டுத் தெருவிலிருந்து நடந்து வருவார் என்பது மனைவி சொல்லி எனக்குத் தெரியும். நல்ல வெயில், தெளிவான வெளிச்சம். தெரு முனையில் நிறுத்திக் காத்திருந்தேன். அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து குடை பிடித்துக்கொண்டு, தோளில் பையோடு வந்தார். சுமார் நூறு அடி தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். அந்த வண்டி மூன்றாவதில் எடுக்கும் வேகத்தை நீங்கள் ஒருமுறை அனுபவித்துப் பார்க்க வேண்டும். பிரேக்கில் கால் வைக்கவில்லை. குடை சாய்ந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்லக் கை தூக்கியதாகவும் தோன்றியது. பிறகு வீட்டுக்கு வந்து இடது பக்க விளக்கைத் துடைத்தேன். மெல்லிய கீறல், பாலிஷ் போட்டால் போய்விடும்.

வக்கீல் காலையில் வந்திருந்தார். "சார், டாக்டர் ரிப்போர்ட்டு நமக்குச் சாதகமா இருக்கு. கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, விபத்துன்னு முடிச்சிரலாம்" என்று கெஞ்சினார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். இருபத்தாறு வருடம் மற்றவர்கள் கண்ணுக்கு முத்திரை குத்தியவன் நான். தெரியாமல் இடித்தேன் என்று கையெழுத்துப் போட்டால் அப்புறம் எந்த மூஞ்சியோடு கடையைத் திறப்பது. தெரிந்துதான் ஏற்றினேன். ஆளைத் தெளிவாகப் பார்த்து, இன்னார் என்று தெரிந்துகொண்டு, கொல்வதற்காகவே ஏற்றினேன். கடைசி வார்த்தை வரை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் மூன்றாவது முறையாக அதே பேச்சை எடுக்கிறீர்கள். "சார், நர்ஸம்மா வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அவங்க வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு, அட்டைய நகல் எடுத்துட்டு வந்து தர்றேன்னு திரும்பி வந்த உங்க வீட்டம்மா மேலதான் நீங்க வண்டிய ஏத்தியிருக்கீங்க" என்கிறீர்கள். இறந்தவர் பையில் நர்ஸம்மாவின் அட்டை இருந்தது என்று நீங்களேதான் சொன்னீர்கள். நர்ஸம்மாவின் அட்டை நர்ஸம்மாவின் பையில் இல்லாமல் வேறு யார் பையில் இருக்கும். வெளியே யாரோ அழுகிற சத்தம் கேட்கிறது, உண்மைதான். போலீஸ் ஸ்டேஷனில் யாராவது அழுதுகொண்டுதான் இருப்பார்கள்.

என் மனைவி இரண்டு நாளாக வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கோபமாக இருப்பாள். முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில், ஒரே கடையில் இருந்தவள். அவளை எனக்குத் தெரியாமல் போகுமா. மத்தியானத்துக்குள் கோபம் தணிந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள். அந்த வாசலில் அவள் வந்து நிற்கட்டும் மேடம். இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், இங்கிருந்தே அடையாளம் சொல்கிறேன்.