பூட்டுக்கு ரெண்டு சாவி

ஜெரோம்: இரு, இரு... பூட்டைப் பாத்தா கும்புடுறாங்க?

செல்வி: பூட்டை இல்லண்ணே, என்னையப் பாத்து. அவங்க குனியுறாங்க, நான் குனியுறேன். நான் நிமிந்தா மறுபடி குனியுறாங்க. பத்து நிமிசமா இதேதான். இடுப்பு போச்சு.

ஜெரோம்: எதுக்காம்?

செல்வி: உங்க சைக்கிளத் தூக்கிட்டுப் போகப் போறோம், மன்னிச்சுக்கங்கன்னு.

ஜெரோம்: ஜப்பான்ல களவாணிப் பயகூட மரியாதையாத்தான் இருக்கான் போல.

செல்வி: நகராட்சி ஆளுகண்ணே. ஸ்டேஷன் வாசல்ல சைக்கிள நிறுத்தக் கூடாது. நிறுத்துனா லாரியில ஏத்திருவாங்க. வெள்ளை கிளவுஸ் போட்டு, பச்சப் புள்ளையத் தூக்குற மாதிரி ஒவ்வொண்ணாத் தூக்குறாங்க. என்னோடது மட்டும் வரமாட்டேங்குது.

ஜெரோம்: ஏன், அது மட்டும் அழுகுதா?

செல்வி: கம்பித் தடுப்போட சேத்துல்ல பூட்டிருக்கேன். அப்பா வாங்கிக் குடுத்த பூட்டு.

ஜெரோம்: அடிப்பாவி. குடோன் ஷட்டருக்குப் போடுறதையா சைக்கிளுக்குப் போட்ட?

செல்வி: வேற எதுக்குப் போட? இங்க எல்லாரும் சுண்டுவிரல் தண்டி வயரச் சுத்தி வச்சிருக்காங்க. நான் மட்டும் முக்கால் கிலோ இரும்பு. காத்தடிச்சா எல்லாச் சைக்கிளும் விழுகுது, என்னோடது அசையாது.

ஜெரோம்: மதுரை ஏர்போர்ட்ல அந்த செக்கிங் அம்மா கேட்டுச்சே... ஜப்பானையே பூட்டப் போறீங்களான்னு.

செல்வி: அப்பா சிரிக்காமச் சொன்னாரு. இல்லம்மா, சைக்கிளுக்குன்னு.

ஜெரோம்: அந்த அம்மா அதுக்கப்புறம்தான் ரொம்பப் பயந்துச்சு.

செல்வி: சிரிக்காதண்ணே, நேரமில்ல. மூணு மணிக்குக் கட்டர் வருது. வந்தாப் பூட்டை வெட்டிருவாங்க. இப்ப மணி ரெண்டு நாப்பது.

ஜெரோம்: சாவியப் போட்டுத் தொறக்க வேண்டியதுதான?

செல்வி: சாவி இல்ல.

ஜெரோம்: இல்லன்னா?

செல்வி: இல்லன்னா இல்ல. விடேன். லாரி ஆளு ஒருத்தரு ஓடிப் போயி, பக்கத்துத் தெரு சாவிக்கடைக்காரரக் கூட்டியாந்துட்டாரு. அவரு பூட்டைப் பாத்தாரு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, மறுபடி பாத்தாரு. உள்ள எத்தன லீவர்னு கேக்குறாரு.

ஜெரோம்: எட்டு.

செல்வி: இரு, சொல்றேன்... அண்ணே.

ஜெரோம்: என்ன?

செல்வி: இப்ப நெசமாவே பூட்டைக் கும்புட்டுட்டாரு.

ஜெரோம்: போச்சுடா. சூடம் இருந்தாக் காட்டச் சொல்லு.

செல்வி: ஸ்கூல் புள்ளைக வேற கூடிருச்சுக. எந்த ஊர்ப் பூட்டுன்னு கேக்குதுக. திண்டுக்கல்னேன். அம்புட்டும் ஒண்ணாச் சேந்து சொல்லிப் பழகுதுக, ஞாயித்துக்கெழமை பூசையில பதில் சொல்ற மாதிரி.

ஜெரோம்: எம்.எஸ்.சி. படிக்கப் போன புள்ள, ஸ்டேஷன் வாசல்ல வித்தை காட்டிட்டிருக்கு. சரி, நான் என்ன செய்யணும்?

செல்வி: இன்னொரு சாவிய ஃபோட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுக்கணும். அதப் பாத்தே அறுத்துத் தந்துருவேங்குறாரு. கால் மணி நேரம் போதுமாம்.

ஜெரோம்: ...ஸ்கேலா?

செல்வி: ஸ்கேல்.

ஜெரோம்: வீட்டுல ஸ்கேல் கெடையாதே.

செல்வி: முப்பது வருசம் கணக்கு வாத்தியாரு இருந்த வீட்டுல ஸ்கேல் இல்லையா?

ஜெரோம்: அம்மா எங்கிட்டு வச்சாங்களோ.

செல்வி: அம்மாவக் கேளு.

ஜெரோம்: சாணார்பட்டிக்கு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கு. பாப்பா, நான் சொல்றதக் கேளு. வெட்டுனா வெட்டட்டும். இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கி அனுப்புறேன். ஜெயிலுக்குப் போடுறது.

செல்வி: எனக்கு இதுதான் வேணும். நாலு கடை ஏறி எறங்கி வாங்குனாரு.

ஜெரோம்: ஆறு கடை. நானும்ல கூட நடந்தேன். ஒவ்வொரு கடையிலயும் பத்துத் தடவ பூட்டித் தொறந்து பாத்தாரு. கடைசிக் கடைக்காரன், சார் நீங்க பூட்டு வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களான்னான்.

செல்வி: அதான் சொல்றேன். அவரு போனப்புறம் அவரு வாங்கிக் குடுத்ததுன்னு இங்க எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. வெட்ட விடமாட்டேன்.

ஜெரோம்: அது தெரியும் பாப்பா.

செல்வி: ஒண்ணு உங்கிட்ட, ஒண்ணு எங்கிட்ட, தொலைச்சா போன் பண்ணுன்னாரு. போன்ல எப்பிடிப்பா சாவி வரும்னு கேலி பண்ணுனேன். இப்ப பாரு, போன்லயே வரப் போகுது.

ஜெரோம்: அவரு சொல்லி எது நடக்காம இருந்துச்சு.

செல்வி: அதனால தேடு. எப்பவும் சட்டைப் பையிலதான வச்சிருப்பாரு?

ஜெரோம்: சட்டையெல்லாம் அம்மா எடுத்துக் குடுத்துருச்சு, கோயில்ல.

செல்வி: பையத் தடவிப் பாக்காமயா குடுத்தீங்க?

ஜெரோம்: ஆமா, நீ ஏன் ஸ்டேஷன்ல போயி நிறுத்துன? எத்தன நாளா நிக்குது அங்க?

செல்வி: கொஞ்ச நாளா.

ஜெரோம்: கொஞ்ச நாள்னா?

செல்வி: எடுக்கச் சொல்லிச் சிவப்புச் சீட்டு ஒட்டிருக்காங்க.

ஜெரோம்: எத்தன?

செல்வி: ...அஞ்சு. வாரத்துக்கு ஒண்ணு. சீட்டு ஒட்டுறதுக்கு முன்னாடியும் ஒரு வாரம் நின்னுச்சு.

ஜெரோம்: ஒன்றரை மாசமா? அப்ப பார்ட் டைம் வேலைக்கு எதுல போற?

செல்வி: நடந்துதான். நாப்பது நிமிசம். சோத்து டப்பா கட்டுற கடையில, நீ மெலிஞ்சுட்டேன்னு நெதம் ஒரு டப்பா சும்மா குடுக்குறாங்க. நடந்து மெலியுறேன், தின்னு தேத்துறேன். வரவும் செலவும் சரியாப் போகுது.

ஜெரோம்: பேச்ச மாத்தாத.

செல்வி: நீதான் மாத்துற. கட்டர் வந்துருச்சுண்ணே. லாரிக்காரரு வாட்சைப் பாக்குறாரு, என்னையப் பாக்குறாரு. பாவம், அவருக்கே அழுகை வந்துரும் போல. நெசத்தச் சொல்லு. சாவி இருக்கா, இல்லையா?

ஜெரோம்: இருக்கு.

செல்வி: எங்க?

ஜெரோம்: அவருகிட்டதான்.

செல்வி: அப்பாகிட்டயா?

ஜெரோம்: பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி. அந்த வெள்ளைச் சட்டை போட்டு விட்டோம்ல. எல்லாரும் வெளிய பாதருக்காக நின்னாங்க. பேனாவச் செருகுனேன்... அப்பிடியே சாவியயும் போட்டுட்டேன். உனக்கு டிக்கெட் கெடச்சு வர மூணு நாளாகும்னாங்க, அம்புட்டு நேரம் வைக்க முடியல. உன்னோடது ஏதாச்சும் ஒண்ணு அவரு கூடப் போகட்டுமேன்னு... அம்மாவுக்கே தெரியாது. திட்டாத பாப்பா.

செல்வி: திட்டல.

ஜெரோம்: அழுகுறியா?

செல்வி: சிரிக்கிறேன். ரெண்டும்தான். இரு... வெட்டிக்கச் சொல்லிட்டேன். தலைய ஆட்டிட்டேன்.

ஜெரோம்: சாவிக்கடைக்காரரு என்ன சொல்றாரு?

செல்வி: தொப்பியக் கழட்டிட்டாரு.

ஜெரோம்: எல்லாம் உன்னாலதான். உன் சாவிய ஒழுங்கா வச்சிருந்தா இந்த வம்பே இல்ல. எங்கதான் தொலைச்ச அத?

செல்வி: தொலைக்கலண்ணே. அன்னைக்கு ரூம்ல இருக்க முடியாம, காலேஜுக்குப் போக சைக்கிள இங்க பூட்டிட்டுத் திரும்புறேன், நீ வீடியோ கால் போட்டுட்ட. ஸ்டேஷன ஒட்டுன ஆத்துப் பாலத்துல நின்னுதான் பாத்தேன். நீங்கல்லாம் ஒரு கை மண்ணு அள்ளிப் போட்டீங்க... எங்கையில இந்தச் சாவிதான் இருந்துச்சு. ஆத்துல போட்டுட்டேன்.