கர்ச்சீப் போட்ட சீட்

மாலை மணி ஆறு இருபது. இருட்டு என்று சொல்ல முடியாது, வெளிச்சம் என்றும் சொல்ல முடியாது. ஓர் ஏரிக்கரைச் சாலை... கண்ணுக்கெட்டிய வரை ஈ காக்காய் கிடையாது. அதில் ஒரே ஒரு பஸ், இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருக்கிறது. அன்றைக்கு அதுதான் கடைசி பஸ்.

இது யாரோ எவரோ சொன்னதில்லை. என் அண்ணியின் அக்காவுக்கு நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துவிடுங்கள். பாதியில் எழுந்தால் துணைக்கு நான் வர மாட்டேன்.

அந்த அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்தும் விடியாமலும் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, இரண்டு விரலால் தட்டி, நரம்பைத் தேடி ஊசி குத்துகிறவள். இருபது வருஷமாக அதே வேலை. முகத்தை மறந்தாலும் மறப்பாள், ஒருமுறை தொட்ட கையை மறக்க மாட்டாள்.

அவளுக்குக் கல்லூரி நாளிலிருந்தே இரண்டு தோழிகள். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இன்னொருத்தியை இவர்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் விளக்கத் தேவையில்லை. டீ ஆறிப்போகும் வரை பேசுவாள், பிறகு டீ ஏன் ஆறிப்போச்சு என்று அதைப் பற்றிப் பேசுவாள். அவளுக்குப் புருஷன் உண்டு, எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. அந்தக் குழந்தை என்றால் அவளுக்கு உயிர்.

மூன்று பேரும் பல வருஷம் திட்டம் போட்டு, வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, பதினெட்டு நாள் வெளிநாட்டுக்குப் போனார்கள். ஒரே நகரம், ஒரே வாடகை வீடு. டீச்சர் சும்மா இருப்பாளா? கட்டம் போட்டு அட்டவணையே எழுதி வைத்திருந்தாள். காலையில் அருங்காட்சியகம், மதியம் ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடை, சாயங்காலம் கடைவீதி. அட்டவணையைக் கெடுப்பது வாயாடியின் பொறுப்பு. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் லேசில் வெளியே வர மாட்டாள். "நீ முன்னாடி போய் இடம் பிடி, நான் பின்னாடியே வரேன்" என்று அக்காவை அனுப்பிவிடுவாள்.

இடம் பிடிப்பது அக்காவின் பழைய வேலை. கல்லூரி பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டுவிடுவாள். கர்ச்சீப் கிடந்தால் அந்தச் சீட்டுக்கு ஆள் இருக்கிறது, வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நமக்கெல்லாம் தெரிந்த சட்டம்தானே. வெளிநாட்டுக்குப் போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. டிராமில் போட்டாள், படகில் போட்டாள். பாவம் அந்த ஊர்க்காரர்கள், யாரோ தவறவிட்டுவிட்டார்கள் என்று கர்ச்சீப்பை எடுத்து மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்கள். மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

பதினோராம் நாள். நகரத்தை விட்டு ஒன்றரை மணி நேரம் தள்ளி ஓர் ஏரி, கரையில் இடிந்த கோட்டை. பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, கால் வலிக்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பீங்கான் கோப்பை விற்கிற ஒரு சின்னக் கடை. வாயாடி அதற்குள் பூந்துவிட்டாள். வழக்கம்போல இடம் பிடிக்கச் சொன்னாள்.

அக்கா ஏறினாள். பஸ்ஸில் மொத்தமே ஐந்தாறு பேர். பாதிக்கு மேல் காலி. இருந்தும் கை சும்மா இருக்குமா... ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் கர்ச்சீப்பை விரித்துப் போட்டாள். டீச்சர் முன் சீட்டில் சாய்ந்து அப்போதே கண்ணை மூடிவிட்டாள்.

'ஸ்ஸ்ஸ்' என்று கதவு மூடியது.

ஆள் வரணும், நிறுத்துங்க என்று சொல்ல அக்கா எழப் போனாள். அதற்குள் பக்கத்துச் சீட் 'க்ரீச்' என்று அமுங்கியது. திரும்பிப் பார்த்தால்... வாயாடி. அதே மெரூன் ஸ்வெட்டர், அதே கிளிப். எப்போது ஏறினாள், எந்த வழியாக வந்தாள், தெரியவில்லை. எப்போதும் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதை அக்கா மடியில் எறிந்துவிட்டுத்தான் உட்காருவாள். அன்றைக்கு எடுக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கவில்லை. பாசி பிடித்த தண்ணீரின் வாடை அடித்தது.

வாங்கிட்டியா என்று அக்கா கேட்டாள். கையில் பை இல்லை. ஒரு சிரிப்பு மட்டும்.

பஸ் நகர்ந்தது. என்னவோ தோன்றி அக்கா பின் கண்ணாடியைப் பார்த்தாள்.

சாலையில் ஒருத்தி ஓடி வருகிறாள். மெரூன் ஸ்வெட்டர். ஒரு கையில் காகிதப் பை, இன்னொரு கையை ஆட்டுகிறாள். வாய் அசைகிறது... ஓடும்போதும் ஓயாத வாய்.

அக்கா சட்டென்று திரும்பினாள். பக்கத்தில் பார்த்தாள், வாயாடி. பின்னால் பார்த்தாள், வாயாடி. கத்தியிருக்கலாம். எழுந்து ஓடி டிரைவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அப்போது அவள் முட்டியின் மேல் ஒரு உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. சில்லென்று, ஈரமாக. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. பஸ் வளைவில் திரும்பியது. சாலை மறைந்துவிட்டது.

அவ்வளவுதான் நேரம். ஒரு பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடிக்காக அக்கா இன்றைக்கும் அழுகிறாள்.

மறுநாளிலிருந்து வாயாடி பேசவில்லை. டீச்சருக்கு அதில் சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். தொண்டை கட்டியிருக்கும், கடவுள் நமக்கு ஏழு நாள் லீவு கொடுத்திருக்கிறார் என்று கிண்டல் செய்தாள். அட்டவணையும் பிசகாமல் நடந்தது. கடைவீதியில் வாயாடி எந்தக் கடைக்குள்ளும் நுழையவில்லை, வாசலிலேயே நின்றாள். சாப்பாட்டுக் கடையில் ஆவி பறக்கிற சூப்பைத் தண்ணீர் குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்தாள். அவள் எழுந்த நாற்காலியில் எல்லாம் ஈரம் இருந்தது. வீட்டிலிருந்து குழந்தை வீடியோவில் கூப்பிட்டபோது போனை முகத்துக்கு நேரே வைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அம்மா ஏன் பேச மாட்டேங்கறாங்க என்று குழந்தை கேட்டது. டீச்சர்தான் தொண்டைவலி என்று சமாளித்தாள்.

அவள் படுக்கவும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முட்டியில் கை வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். உடம்பு லேசாகக் குலுங்கிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்வாள், பிறகு மெல்ல நிமிர்வாள். இரண்டு நாள் பார்த்த பிறகுதான் அக்காவுக்குப் புரிந்தது. அந்தப் பஸ் வளைவில் திரும்பினால் எப்படிச் சாய்வோமோ, அப்படிச் சாய்கிறாள்.

மாத்திரை கொடுக்கிற சாக்கில் அக்கா அவள் இடது கையைப் பிடித்தாள். வாயாடியின் கை அவளுக்கு மனப்பாடம். முழங்கை மடிப்பில் பச்சையாக எழும்பி நிற்கும் நரம்பு, புதிதாக வேலைக்கு வந்தவர்கள்கூடக் குத்திவிடலாம் என்று அக்கா கேலி செய்வாள். இரண்டு விரலால் தட்டினாள். ஒன்றுமில்லை. அழுத்தினாள். பிசைந்த மாவில் பதிந்ததுபோல விரல் தடம் அப்படியே நின்றது. நரம்பே இல்லை... அந்தக் கையில் எங்கேயும் இல்லை.

யாரிடம் சொல்வது? டீச்சரிடம் சொன்னாள். உனக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு, நல்லாத் தூங்கு என்றாள் டீச்சர். போலீஸிடம் போய்த் தோழியைக் காணோம் என்றால், இதோ உட்கார்ந்திருக்கிறாளே, இவள் யார் என்று கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதும் அதே முகம்தானே.

பதினான்காம் நாள் டீச்சரிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக ஏரிக்குப் போனாள். கோப்பைக் கடைக்காரம்மாவுக்கு அவளை ஞாபகம் இருந்தது. பாதி சைகையிலும் பாதி போன் மொழிபெயர்ப்பிலுமாகப் பேசிக்கொண்டார்கள். உங்கள் தோழி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினாள், விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள், வளைவு வரைக்கும் பார்த்தேன். நீங்கள் வளைவில் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்டீர்கள் என்றல்லவா நினைத்தேன்... கடைக்காரம்மா சொன்னது இதுதான். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கிழிந்த காகிதப் பையை எடுத்துக் கொடுத்தாள். சாலையில் கிடந்ததாம். இரண்டு கோப்பை உடைந்திருந்தது. உடையாமல் இருந்தது ஒன்றுதான். சின்னது, குழந்தை பிடிக்கிற அளவு.

அக்கா வளைவு வரை நடந்தாள். கரையோரம் இறங்கிக் கூப்பிட்டுப் பார்த்தாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கோரைப்புல் அசைந்தது, வேறொன்றும் அசையவில்லை. ஆறு இருபது பஸ்ஸில் ஏறி, பக்கத்துச் சீட்டில் கர்ச்சீப்பைப் போட்டாள். "வந்துடுடி... இடம் பிடிச்சிருக்கேன், வந்துடு" என்று வாய்விட்டுச் சொன்னாள். நகரம் வரும் வரை அந்தக் கர்ச்சீப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். மடிப்புகூடக் கலையவில்லை.

வாடகை வீட்டுக் கதவைத் திறந்தது வாயாடி. மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினாள். குரல் அதே குரல்.

"எதுக்கு அங்க போன? நான்தான் வந்துட்டேனே."

அதன் பிறகு அக்கா தேடவில்லை. தேடவில்லை என்பதைவிட, தைரியம் வரவில்லை என்பதுதான் சரி. பதினெட்டாம் நாள் மூன்று டிக்கெட், மூன்று பேர், விமானம் ஏறினார்கள். நம் பக்கத்து விமான நிலையத்தில் வாயாடியின் புருஷனும் குழந்தையும் காத்திருந்தார்கள். குழந்தை ஓடி வந்து கட்டிக்கொண்டது. அவள் குனிந்து தூக்கினாள். புருஷன் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார், பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்று. அந்த ஒரு வார்த்தை அக்காவுக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். குழந்தையின் தோளுக்கு மேலே அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. போன் வந்தால் வேலை என்றாள். டீச்சர் மட்டும் போய்வந்தாள். அவள் எவ்வளவு அடக்கமாகிவிட்டாள் தெரியுமா, புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை என்று சொன்னாள். ஆனால் அந்தக் குழந்தையின் முகம் அக்காவைத் தூங்க விடவில்லை. தாயைத்தான் விட்டுவிட்டு வந்தோம், பிள்ளையையாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். பட்டப்பகல், நாலு மணி. வெயில் கூடத்துக்குள் வரைக்கும் விழுந்திருந்தது.

குழந்தை தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. அப்பா வெளியே போயிருக்கிறாராம். அம்மா உள்ளே இருக்கிறாளாம். உள்ளே பாத்திரச் சத்தம் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை... ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பாசி வாடை மட்டும் இருந்தது.

அக்கா குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். அம்மா உன்னிடம் நன்றாகப் பேசுகிறாளா, திட்டுகிறாளா, அடிக்கிறாளா என்றெல்லாம் கேட்டாள். குழந்தை வண்ணம் தீட்டிக்கொண்டே பதில் சொன்னது. அம்மா இப்போது திட்டுவதே இல்லையாம். தூங்குகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறாளாம்.

என்ன கதை என்று கேட்டாள் அக்கா.

"பஸ் கதை. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் அதுல போறோம் பெரியம்மா. அப்பாவுக்குச் சொல்லக் கூடாதாம்."

அக்கா அதன் கையை எட்டிப் பிடித்தாள். வேலைப் பழக்கம், இரண்டு விரல் தானாகவே முழங்கை மடிப்புக்குப் போயின. நரம்பு இருந்தது. சன்னமாக, வெதுவெதுப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை என்று மூச்சு விட்டாள். போகாதே, பெரியம்மா வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினாள்.

குழந்தை கையை உருவிக்கொண்டது. போகாமல் இருக்க முடியாதாம், சொல்லும்போதே அதற்குப் பெருமை தாங்கவில்லை.

"எனக்கு இடம் போட்டாச்சு பெரியம்மா. ஜன்னல் சீட்."