இடது பக்கம் இழுக்கும் ஜீப்

மலையில் ஜீப்பை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. திருப்புவதுதான் வேலை. நீங்கள் கேட்டதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் பூமாலை. கரியாலூருக்கு மேலே எங்கள் ஊர். ரோடு அம்மன் கோயிலோடு முடிந்துவிடும். கோயிலை ஒட்டி என் வீடு. ஏறி வரும்போது வலது பக்கம் பாறை, இடது பக்கம் காத்தானின் மரவள்ளிக் கொல்லை. ரோட்டு விளிம்பு வரை கிழங்கு நட்டிருப்பான். அதனால் ஜீப்பைத் திருப்ப இடமில்லை. தினமும் காலையில் கீழே புளியமரம் வரை பின்னாலேயே இறங்க வேண்டும். வருஷக்கணக்கில் திரும்பிப் பார்த்தே ஓட்டியதில் என் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. சில நாள் என் மனைவி சாமியம்மாள் சோற்றுத் தட்டை முதுகுப் பக்கம்தான் வைப்பாள்.

ஒருநாள் டீக்கடையில் காத்தானிடம் கேட்டேன்.

"காத்தா, ஜீப் திரும்புற அளவு எடம் உடேன்."

"எடம் உட்டா கெயங்க எங்க நடறது மாமா, உன் தலையிலயா? ஜீப்ப வித்துட்டு ஒரு கயித வாங்கிக்க. அது நின்ன எடத்துலயே திரும்பும்."

கழுதை என்றதும் கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை வைத்துக்கொள்ளவில்லை.

ஜீப்பின் முன் அச்சில் பால் ஜாயிண்ட் என்று ஒன்று உண்டு. நம் இடுப்பு மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. அதை வைத்துத்தான் சக்கரம் திரும்பும். என் ஜீப்பில் இடது பக்கத்து மூட்டு தேய்ந்து, வண்டி எந்நேரமும் இடது பக்கம் இழுத்தது. சென்னைக்குப் போக வேண்டுமானால் கள்ளக்குறிச்சியைக் குறிவைத்துப் பிடிப்பேன். சரியாகப் போய்ச் சேரும். வழியில் இடது ஓரம் மேய்கிற ஆடுகள் என் ஹாரன் கேட்டதும் வலது ஓரத்துக்குப் போய் நின்றுகொள்ளும். வேறு வண்டிக்கு அசையாது.

எங்கள் அம்மன் திருவிழாவில் ஆற்றில் குளித்து, என் ஜீப்பில்தான் கோயிலுக்கு ஏறி வருவாள். வழியில் எந்த நிலத்தில் அவளாகப் போய் உட்காருகிறாளோ, அதில் அடுத்த திருவிழா வரை ஏர் பூட்டக் கூடாது, பயிர் எதுவும் நடக் கூடாது. அடுத்தடுத்து மூன்று திருவிழா உட்கார்ந்தால் நிலம் அவளுக்கே. இது ஊர்க் கட்டு. நான் ஏற்படுத்தியது இல்லை.

முதல் வருஷம் நடந்தது தற்செயல். கோயிலை நெருங்கும்போது தும்மினேன். ஜீப் காத்தான் கொல்லைக்குள் போய் நின்றது. அம்மன் உட்கார்ந்துவிட்டாள் என்று பூசாரி அருள் கற்பூரம் ஏற்றிவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். அதற்கு மேல் தும்மலைப் பற்றி எப்படிப் பேசுவது?

காத்தான் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டான். நிலம் வெறுமனே கிடந்தது. அதில் ஜீப்பைத் திருப்பலாமா என்று பூசாரியைக் கேட்டேன். "அவ வண்டிதான, திருப்பிக்க" என்றார். ஒரே வீச்சில் திரும்பியது. ஒரு மாதத்தில் கழுத்து முன்பக்கம் வந்துவிட்டது.

நான் கெட்டவன் இல்லை. பயணிகளின் உயிர் முக்கியம் என்று கள்ளக்குறிச்சிக்குப் போய் அன்புச்செல்வன் பட்டறையில் ஜீப்பை விட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான்.

"இன்னா பெரியவரே, தொட்டிலாட்டம் ஆடுது. ஒருநா சக்கரம் மட்டும் வூட்டுக்குப் போய்டும், நீங்க ரோட்லயே குந்திக்கினு இருப்பீங்க."

புதிது மாட்டினான். பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த திருவிழா அன்று காலையில் ஊரே ஆற்றங்கரையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது, பழைய மூட்டை மறுபடி மாட்டினேன். அம்மன் ஏறிப் பழகிய மூட்டு அது. மரியாதைக்குத்தான். சாமியம்மாள் சுத்தியல் எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. குணமான பெண்.

வழியெல்லாம் அந்த இழுப்பை வலது பக்கம் பிடித்துக்கொண்டே வந்தேன். கொல்லை வந்ததும் பிடியை விட்டேன். நான் எதையும் செய்யவில்லை. செய்துகொண்டிருந்ததை நிறுத்தினேன்.

இரண்டாம் வருஷமும் நடவு இல்லாததால் காத்தான் குடகுக்குக் காப்பி பறிக்கப் போனான். கள்ளக்குறிச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவன் மகள் மீனா, படிப்பை விட்டுவிட்டு அவனோடு போனாள். நான்தான் அவர்களைக் கீழே இறக்கிவிட்டேன். வண்டியில் இரண்டு பேரும் அழுதார்கள். பயணிகள் சத்தம் போட்டால் எனக்கு ஓட்ட வராது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டு ஓட்டினேன்.

"மாமா, அம்மா எதுக்கு எம்மேலயே கோவமா கீறா?" என்று காத்தான் கேட்டான். "கயிதனு சொன்னேனே, அதுக்கா?"

"அவ ஏறுற வண்டிய கயிதயோட சேத்தா பொறுப்பாளா? பேச்ச கம்மி பண்ணிக்க" என்றேன். கேட்டால் புத்தி சொல்லாமல் இருக்க முடியாது.

மூன்றாம் திருவிழாவுக்கு அப்பனும் மகளும் வந்தார்கள். இந்த முறையும் அம்மன் உட்கார்ந்தால் நிலம் போய்விடும். காத்தான் கோயிலுக்குக் காணிக்கை கொண்டுவந்திருந்தான். புத்தம் புது பால் ஜாயிண்ட், இரண்டு பக்கத்துக்கும்.

"அம்மா குலுங்காம வரணும் மாமா. குலுங்கிக் குலுங்கித்தான் எம்பக்கம் சாயறாளோ இன்னாவோ."

என் மேல் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அன்புச்செல்வனையே கூட்டி வந்து, ஊர் முன்னால் மஞ்சள் குங்குமம் வைத்து மாட்ட வைத்தான். ஓட்டிப் பார்த்தோம். கையை எடுத்தாலும் ஜீப் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

மீனா அம்மனை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆற்றிலிருந்து ஏறினோம். காத்தான் முன்னால், கும்பிட்ட கையோடு, எங்களைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து வந்தான். கொல்லை ஓரம் வந்ததும் மேளம் நின்றது. ஊர் மொத்தமும் முன் சக்கரத்தைப் பார்த்தது.

மீனா மட்டும் சக்கரத்தைப் பார்க்கவில்லை.

"தாத்தா, கை" என்றாள், மெதுவாக.

அதற்குள் ஜீப் கொல்லைக்குள் நின்றிருந்தது. காத்தான் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். குலவை போட யாருக்கும் தோன்றவில்லை.

மீனா சொல்லித்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தெரியும். ஸ்டீயரிங்கில் இருந்தது என் கைதான். அது சுற்றியதும் உண்மை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூட்டு புதிது. இழுப்பு கிடையாது. அன்புச்செல்வனைக் கேளுங்கள். இழுப்பே இல்லாத ஜீப் இடது பக்கம் திரும்பினால், அது வேறு யார் செயலாக இருக்க முடியும்?

பாவம், அம்மனுக்கும் திருப்ப ஓர் இடம் வேண்டியிருந்தது.