தண்டோரா போடாத சட்டம்

கிட்ட வாப்பா, வந்து உக்காரு. ஐயையோ, அந்தக் கல்லுல இல்ல! அது எல்லைக் கல்லு, போன வாரந்தான் நட்டுட்டுப் போனாங்க. அதுல உக்காந்தா உன் பாதி உடம்பு செக் தேசத்துக்குப் போயிரும், அப்புறம் உன்ன நீயே புடிக்கணும். இந்தா, முக்காலி. நான் இந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கறேன்.

ரொட்டி எடுக்கற துடுப்ப நீயே வச்சுக்க. பறிமுதல்னா பறிமுதல், நான் கேக்கல. சுங்கத்துக்குப் புதுசா வந்த புள்ள, விறைப்பாத்தான் இருப்பே. ஆனா ஒண்ணு, இந்த போர்பாலா எல்லையத் தாண்டினான்னு மட்டும் எழுதிராத. என் காலு இந்தக் கரையிலதான். கை இந்தக் கரையிலதான். துடுப்போட காம்புகூட முக்காவாசி ஹங்கேரிதான்! நுனி மட்டும் ஓடையத் தாண்டி அடுப்புக்குள்ள போச்சு. மாவு போச்சு, சரி. அதுக்குப் பாஸ்போர்ட் எங்க எடுக்கறது?

அடுப்பு யாரோடதா? நல்லாக் கேட்டே போ! என்னோடது. என் மாமியா கட்டினது, என் வீட்டு முத்தத்துல. தீ பத்திரக்கூடாதுன்னு எங்கூர்ல ரொட்டி அடுப்ப வீட்ட விட்டுத் தள்ளித்தான் கட்டுவோம். இங்கருந்து பாரு, என் வீட்டப் பாத்துத்தானே வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது? நடுவுல இந்த ஓட. அதனால அடுப்பு வெளிநாடு. என் அடுப்பு, தம்பி! என் கண்ணு முன்னாலயே வெளிநாடு!

அந்தா பாரு, அடுப்புப் பக்கத்துல இடுப்புல கைய வச்சுக்கிட்டு இளிக்கிறாளே, அவதான் எடெல்கா. என் நாத்தனா. அவ வீடு மொதல்லருந்தே ஓடைக்கு அந்தப் பக்கம். இப்ப வெறகு வச்சு அடுப்பக் காயவைக்கறது அவதான். எடுக்கற ரொட்டியில அவளுக்கு ஒண்ணு எறிஞ்சுரணும். சுங்கமாம்! ஏய் எடெல்கா, ரொம்பச் சிரிக்காத, பல்லு ஓடையில விழுந்தா அதுக்கும் வரி!

எங்க விட்டேன்... ஆங், அடுப்பு எப்பிடி வெளிநாடாச்சுன்னா, பார்லிமெண்ட். எல்லாத்துக்கும் காரணம் அந்த மீசைக்காரங்கதான். சண்டையில தோத்தோம், பிரான்சுல போயி சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டோம், அழுதோம், தீந்துது. அப்பவே எல்லை அளக்கற எஞ்சினியருங்க வந்து சொன்னாங்க: "பாட்டியம்மா, கையெழுத்து மட்டும் போதாது, இத உங்க பார்லிமெண்ட் சட்டமாக்கணும். அது அமலுக்கு வர்ற அன்னிக்கு இந்த ஓட எங்க ஓடுதோ, அதான் என்னிக்கும் எல்லை." பாட்டியாம்! எனக்கு என்ன வயசாவுது? மகளுக்கு நாளைக்குத்தான் கல்யாணமே.

ஆமாப்பா, நாளைக்கு. மார்கித்துக்கு. உள்ள வேகுது பாரு, அவ கல்யாணத்துப் பின்னல் ரொட்டி. அது இல்லாம மணமேடைக்குப் போனா மாப்பிள்ள வீட்டுல என்ன சொல்லுவாங்க? "பொண்ணு வீட்டுல அடுப்புகூட இல்ல"ம்பாங்க. வாஸ்தவந்தானே! புது அடுப்பு கட்டலாம்னா களிமண்ணு காயணுமே, கல்யாணம் காத்திருக்குமா?

என்ன? ஓட முன்னாடி எங்க ஓடுச்சா? ...எதுக்குக் கேக்கறே? அந்த அடுப்புக்குப் பின்னால ஓடுச்சு. அடுப்பு நம்ம நாட்டுக்குள்ளதான் இருந்துச்சு. அப்புறம் தண்ணி இப்பிடித் திரும்பிருச்சு. தண்ணிதானே, திரும்பும்.

சரி, தானாத் திரும்பல. மண்வெட்டியால திரும்புச்சு.

அப்பிடிப் பாக்காத. எடெல்கா வீட்டோரம் அந்த அக்ரூட் மரம் தெரியுதா? என் மாமனாரு எனக்குத்தான்னு சொன்ன மரம். இவ விடமாட்டேன்னுட்டா. நான் நெனச்சேன், சட்டம் வர்றதுக்குள்ள மரத்துக்கு அந்தப் பக்கமா ஒரு கால்வாய் வெட்டி ஓடைய உட்டா, மரம் ஹங்கேரிக்கு வந்துரும்ல? வெட்டற எடத்துல ஓடைத் தண்ணி ஊறி நின்னா வெட்ட முடியுமா? அதனால ஓடைய மட்டும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பழைய பள்ளத்துல, அதான் வீட்டுக்கும் அடுப்புக்கும் நடுவுல, திருப்பி உட்டேன். வெட்டி முடிச்சதும் அங்க மாத்திரலாம்னு.

சட்டம் வந்தாத் தெரியுமேன்னுதான் இருந்தேன். எங்கூர்ல எது வந்தாலும் கெர்கெய் மாமா தண்டோரா போடுவாரு. அவரு தப்புப் பறையத் தட்டாம எங்களுக்கு எந்தச் சட்டமும் வந்ததே இல்ல; ராஜா செத்ததுகூட அவரு தட்டினப்புறந்தான். அதான் நான்... அவரு தப்பு என் பரண் மேல இருந்துச்சு. அவரு என் திண்டுல சாஞ்சு பிளம்ஸ் சாராயம் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. தப்பு இல்ல, தண்டோரா இல்ல, சட்டம் இல்ல! நிதானமா வெட்டினேன்.

தண்டோராவுக்குக் காத்திருக்காம கெஜட்டுல போட்டுப் புடாபெஸ்ட்டுலயே அமல் பண்ணிட்டாங்களேப்பா! இது நியாயமா? எஞ்சினியருங்க வந்து, "அன்னிக்குத் தண்ணி எங்க ஓடுச்சு?"ன்னாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இந்தப் புண்ணியவதி வெரல நீட்டிட்டா: "இங்கதான் ஐயா, என் அண்ணி கையாலயே ஓடுச்சு!" மரமும் போச்சு, அடுப்பும் போச்சு.

...வாசன வருதா? கொஞ்சம் தீயிற வாசன. ஆமா, எடுக்கற நேரம் தாண்டியாச்சு. எடெல்கா எடுக்க மாட்டா, அவளுக்குக் கை சுடுமாம். நான் எப்பிடி எடுக்க? துடுப்பு சர்க்காருகிட்ட இருக்கு. கருகட்டும், உடு. மார்கித் அழுவா, அவ்வளவுதானே. கல்யாணப் பொண்ணுங்க எப்பிடியும் அழுவாங்க...

அட! நீயே துடுப்ப நீட்டறியா? மெதுவா, மெதுவா! காம்பத் தாழ்த்திப் புடி... அடியில உடு... ஆங், இழு! அம்மாடி, பொன்னாட்டம் வந்திருக்கு! இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு, அதையும். சின்னது ஒண்ணு ஓரத்துல, அதையும் எடுத்துரு ராசா.

எடெல்கா, பாத்தேல்ல? சாட்சி நீதான். வெளிநாட்டுலருந்து ரொட்டியக் கொண்டாந்தது யாரு? நானா? நான் இந்த வாளிய உட்டு எந்திரிக்கவே இல்லியே!

அட, மூஞ்சி ஏன் சிவக்குது? உக்காரு. அந்தச் சின்னதப் பிட்டு, வாத்துக் கொழுப்பத் தடவி, மேல வெங்காயம், உப்பு... வாயத் தொற. ம்ம். நல்லா மெல்லு. முழுங்கிட்டியா?

சரி, இப்ப எழுது.