ஒரே ஒரு குலவை

பால்கோவாவைச் சூடாக வாங்கக் கூடாது. சூட்டில் எல்லாமே ருசிதான். ஆறின பிறகுதான் பாலை எவ்வளவு காய்ச்சியிருக்கிறான், சர்க்கரையை எவ்வளவு அள்ளிப் போட்டிருக்கிறான் என்று நாக்குக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் நான் ஆறினதைத்தான் கேட்டு வாங்குவேன். எந்தக் கடை என்று கேட்டீர்கள். கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை இன்ஸ்பெக்டரம்மா, அவரை விட்டுவிடுங்கள். அவர் கொடுத்தது வெறும் பால்கோவா.

உங்கள் ஏட்டு எழுதினதை வாசித்துக் காட்டினார். ‘மாரிக்கனி, நாத்தனார், பொறாமையினால்’ என்று ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிடுங்கள். பொறாமை என்பது அடுத்தவர் பொருள் மேல் வருவது. இது என் பொருள்.

சொல்கிறேன். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் மாரியம்மன் பொங்கலுக்குப் பானை பொங்கி வழிகிற நேரம், எல்லாப் பெண்களும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் குலவை. நாக்கைச் சுழற்றி மேலே கொண்டுபோய், உச்சியில் ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி எடுப்பேன். அந்த நிறுத்தம் வேறு யாருக்கும் வராது. மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தேன். ஆயுதபூஜை அன்று என் குலவை கேட் வரைக்கும் கேட்கும் என்று வாட்ச்மேன் சொல்லுவார்.

என் வீட்டுக்காரர் இறந்த அடுத்த பொங்கலுக்கும் பழக்கதோஷத்தில் முன்னால் போய் நின்றுவிட்டேன். பாண்டிசெல்வி, என் தம்பி பெண்டாட்டி, என் முழங்கையைப் பிடித்தாள்.

“மதினி, செத்த தள்ளி நில்லுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஊருக்காரிய உங்களை ஒரு மாதிரி பேசிருவாளுக.”

அன்பாகத்தான் சொன்னாள். அவளை அன்பில்லாதவள் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. தள்ளி நின்றேன். பானை பொங்கியது. அவள் குலவை எடுத்தாள். உச்சிக்குப் போனாள், ஒரு மூச்சு நிறுத்தினாள், மறுபடி எடுத்தாள். இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டே படித்திருக்கிறாள். அதற்குப் பிறகு கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு எதுவானாலும் ஆட்டோ அனுப்பி அவளைத்தான் கூப்பிட்டார்கள். நான் பந்தியில் இலை போட்டேன்.

என் தம்பி சோலைராஜ் செல்போன் கடை வைத்திருக்கிறான். இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு பொங்கலில் அவள் போட்ட குலவையைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்தான். அதை என்.எஃப்.டி. ஆக்கப் போகிறேன் என்றான். சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

“அப்படின்னா என்னலே?”

“டிஜிட்டல் சேகரிப்புக்கா. படமோ சத்தமோ, யார் வேணாலும் பாக்கலாம், கேக்கலாம். ஆனா சொந்தக்காரர் ஒருத்தர்தான்.”

“பத்திரப்பதிவு மாதிரியா?”

“அதேதான். ஆனா ஒரு ஆபீஸ்ல இல்ல. உலகம்பூரா எம்புட்டோ கம்ப்யூட்டர்ல அதே பதிவு இருக்கும். பிளாக்செயின்னு பேரு. ஒண்ணுல மாத்துனா மத்ததெல்லாம் ஒத்துக்கிடாது.”

“அப்ப அழிக்கவே முடியாதா?”

“கலெக்டரே வந்தாலும் முடியாது.”

பாண்டிசெல்வி ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். “உங்க தம்பி காத்துக்குப் பட்டா போடுதாரு மதினி. நாளைக்கு எங் கொட்டாவியையும் வித்துருவாரு.”

“சிரிக்காதட்டி. ஒரே ஒரு பிரதின்னு நெட்ல விலைக்குப் போடுதேன். எவனாவது வாங்கத்தான் போறான்.”

ஒருவனும் வாங்கவில்லை. மாதக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. அவள் அவனைக் கேலி பண்ணித் தீர்த்தாள். நான் கேலி பண்ணவில்லை. எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது. சொந்தக்காரர் ஒருத்தர்தான். யாரும் அழிக்க முடியாது. முழங்கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தவும் முடியாது.

பீரோவில் என் தாலிக்கொடி கிடந்தது. கழற்றின பிறகு அதற்கு ஒரு வேலையும் இல்லை. எனக்கும் இல்லை என்று ஊரில் முடிவு பண்ணியிருந்தார்கள். அதை விற்றேன். தம்பிக்குத் தெரிய வேண்டாமென்று பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்கே அழகுராஜா என்று கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர், என் போனிலேயே வாலட் திறந்து கொடுத்தார். பணப்பை மாதிரி என்றார். பன்னிரண்டு சொற்கள் வந்தன. அதுதான் சாவி, தொலைத்தால் கடவுள் வந்தாலும் திறக்க முடியாது என்றார். அங்கேயே மனப்பாடம் செய்துவிட்டேன்.

தம்பி விலைக்குப் போட்டிருந்த அந்தக் குலவையை வாங்கி முடித்ததும் அவர் ஒன்று சொன்னார். இதை நான் மறைக்கப் போவதில்லை.

“அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. உங்க பேருல இருக்கறது இந்த டோக்கன், அதாவது அந்த ஒரு பதிவு மட்டும்தான். அந்த அம்மா நாளைக்கே வேற எடத்துல குலவை போட்டா நீங்க ஏன்னு கேக்க முடியாது.”

“அதெப்படி? ஒண்ணே ஒண்ணுன்னுதான எழுதியிருக்கு?”

“அது டோக்கனுக்கும்மா. தொண்டைக்கு இல்ல.”

நல்ல மனுஷர். ஆனால் தொழில் தெரிந்தவருக்கு நியாயமும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தேன். அது சும்மா வாங்கியது. சந்தோஷத்துக்கு.

தம்பி வீட்டில் ஒரே கொண்டாட்டம். வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளம்தான் இருந்தது. ஜப்பான்காரனாகத்தான் இருக்கும் என்றான் அவன். பாண்டிசெல்விக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் கொண்டுபோன பால்கோவாவை அவளே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அவளிடம் பேசினேன். சொல்லாமல் செய்தேன் என்று யாரும் பேசக் கூடாது.

“ஏட்டி செல்வி, வித்த பொருளை இன்னும் நீயே வச்சுப் புழங்கலாமா? வாங்குனவன் என்ன நெனப்பான்? இனிமே குலவை போடாத.”

“வித்தது போனுக்குள்ள இருக்கறது மதினி. இது எந் தொண்டைக்குள்ள இருக்கறது. ஜப்பான்காரன் கேட்டா வரச்சொல்லுங்க, அவனுக்கும் ஒண்ணு போட்டுக் காட்டுதேன்.”

பிறகும் சொல்லிப் பார்த்தேன். சிரிப்புதான். சோழபுரத்தில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் அவளை மேடைக்கே கூப்பிட்டார்கள். ஜப்பான் வரைக்கும் போன குலவை என்று மைக்கில் சொன்னார்கள். நான் பந்தி வாசலில் தண்ணீர் ஜக்கோடு நின்றிருந்தேன். அவள் எடுத்தாள். உச்சி, நிறுத்தம், மறுபடி. எல்லாரும் கைதட்டினார்கள். என் வயலில் ஒருத்தி அறுத்துக்கொண்டிருக்கிறாள், ஊர் கைதட்டுகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க மாட்டேன். உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. எனக்கு இல்லை என்று அழகுராஜாவே சொல்லிவிட்டார்.

அனுமாருக்குப் பூசுகிற செந்தூரம் குரலைத் தின்னும் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். பால்கோவாவில் கலந்தால் நிறம் மாறும். குங்குமப்பூ போட்டது என்றேன். விலை ஜாஸ்தி, உனக்கு மட்டும் என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தேன். முதலில் குரல் கரகரத்தது. பிறகு அடைத்தது. பிறகு காற்றுதான் வந்தது. அந்தக் காற்றில்தான் என்னிடம் சொன்னாள், “உங்க பால்கோவாதான் மதினி தொண்டைக்கு இதமா இருக்கு.”

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டது சரிதான். நானும் யோசித்தேன். ஆனால் நிறுத்தினால் குரல் திரும்பி வராது என்று யார் எனக்கு எழுதிக் கொடுப்பார்கள்? அதனால் நிறுத்தவில்லை. வயிற்று வலி, கை நடுக்கம், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்தான் ஊட்டிவிட்டேன். கை நடுங்கியதால் அவளால் எடுத்துச் சாப்பிட முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் தம்பி போன் பண்ணினான். “செல்வி போயிட்டாக்கா.”

“அழாதய்யா. அவ குலவை எங்கயும் போகாது. யாராலயும் அழிக்க முடியாதுன்னு நீதான சொன்ன?”

“என்னக்கா பேசுத நீ?” என்றான். வைத்துவிட்டான்.

ஆமாம், நான்தான் அவளைக் கொன்றேன். வார்த்தையைச் சுற்ற வேண்டாம். ஆனால் திருடுபோன பொருளை மீட்டேன் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இப்போது உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். எழுதியிருந்தபடியே ஆகிவிட்டது. போனில் இருக்கும் அந்தப் பதிவை நான் ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. எனக்கு எதற்கு? எனக்கே தெரியுமே.

அன்றைக்குப் போனை வைத்ததும் கதவைச் சாத்தினேன். அடுப்பில் பாலை வைத்தேன். பொங்கி வழிகிற நேரம் பார்த்து, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, நடு வீட்டில் நின்று குலவை எடுத்தேன். உச்சிக்குக் கொண்டுபோனேன். நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன். சுத்தமாக வந்தது. பழையபடியே வந்தது.

பக்கத்து வீட்டு அய்யம்மாள் ஓடிவந்து கதவைத் தட்டினாள். திறந்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, யாருக்கு என்ன ஆச்சு? தெருமுனை வரைக்கும் கேக்குதே உங்க ஒப்பாரி.”

“ஒப்பாரி இல்லட்டி. குலவை.”

செல்வி இறந்த செய்தி அவளுக்கும் அப்போதுதான் போனில் வந்தது. என் முகத்தையும் அடுப்பில் வழிகிற பாலையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கையை விட்டுவிட்டுப் பின்பக்கமாகவே அடியெடுத்து வெளியே போனாள். அவள்தான் உங்களிடம் வந்திருப்பாள். அவள் மேலும் எனக்கு வருத்தமில்லை.

அவளுக்குக் கொஞ்ச நாளாகவே காது மந்தம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.